இரவில் வண்டி எங்கே நிற்கும்? மின்சாரக் கார் வாங்குமுன் ஒரு கணக்கு

மின்சாரக் கார் வாங்கக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வருவோர் முதலில் கேட்பது வட்டி விகிதம். அடுத்துக் கேட்பது மாதத் தவணை. இவ்விரண்டுக்கும் உரிய விடையைக் கிளை அலுவலர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அந்த வாகனம் குடும்பத்துக்கு ஆதாயமாகுமா, சுமையாகுமா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவதாக உள்ள ஒரு கேள்வி. அதை வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் நினைவூட்டுவதில்லை. இரவில் வண்டி எங்கே நிற்கும் என்பதே அக்கேள்வி.

மும்பையை அடுத்த தாணேயில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் நம் அலுவலக நண்பர், இக்கேள்வியைக் காரை வாங்கிய பின்னரே எதிர்கொண்டார். மூன்றாம் தளத்தில் வீடு. தரைத்தளத்தில் வாகன நிறுத்துமிடம். வீட்டு மீட்டரிலிருந்து கீழே கம்பி இழுக்கக் குடியிருப்புச் சங்கம் இசையவில்லை. தீ விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டனர். பதினொரு மாதம் அவர் தம் காருக்குப் பொது நிலையத்திலேயே மின்னேற்றம் செய்துவந்தார். அவருடைய கணக்கு எவ்வாறு மாறியது என்பதைப் பின்னர் காண்போம். அதற்குமுன் இந்த வாகனம் இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. செலவுகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இந்தியாவுக்கு மின்சாரக் கார் புதிதன்று. பெங்களூரில் உருவான ரேவா 2001ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. இலண்டன் மாநகரத் தெருக்களிலும் ஓடியது. அதிலிருந்தவை ஈய அமிலப் பேட்டரிகள். எடை மிகுதி, ஓடும் தொலைவு குறைவு. இன்றைய கார்களில் இருப்பவை லித்தியம் அயனி மின்கலங்கள். 1991இல் விற்பனைக்கு வந்து, கைப்பேசிகளில் பரவிய அதே நுட்பமே காரின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுடன் அமர்ந்திருக்கிறது. அதனை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். அதை இன்வெர்ட்டர் என்னும் கருவி மாறுதிசை மின்னோட்டமாக்கி மோட்டாருக்கு அளிக்கிறது. நாம் அழுத்தும் மிதி உண்மையில் இந்த இன்வெர்ட்டருக்கே ஆணையிடுகிறது. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தரவல்லது. ஆகவே கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தை அடைகிறது. மீதி வெப்பமாய் வெளியேறுகிறது. மின்சாரக் காரிலோ பேட்டரியிலிருந்து புறப்படும் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்தைச் சேர்கிறது. எரிபொருள் செலவு குறைவதன் அடிப்படைக் காரணம் இதுவே.

இன்னொரு காரணத்தை நாம் கண்டாலா மலைப்பாதையில் கண்டோம். நண்பரின் காரில் நால்வராய்ப் புணே சென்று திரும்பிய பயணம் அது. கோப்போலியிலிருந்து கண்டாலா வரை சாலை ஏறத்தாழ 500 மீட்டர் உயர்கிறது. காரும் ஆட்களுமாக 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் இரண்டரை யூனிட் மின்சாரம் வேண்டும். சமதரையில் பதினைந்து, பதினேழு கிலோமீட்டர் ஓடப் போதுமான ஆற்றல் அது. ஏறும்போது திரையிலிருந்த தொலைவுக் கணிப்பு மளமளவென்று இறங்கியது. பின்னிருக்கையில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பி இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியது. ஏறச் செலவழித்தது முழுவதும் திரும்புவதில்லை. பாதிக்கு மேல் திரும்பும். பெட்ரோல் காரில் இதே சரிவு பிரேக்கைச் சூடாக்குவதோடு முடிந்துவிடும்.

நிறுவனங்கள் விளம்பரிக்கும் தொலைவு பரிசோதனைக்கூடத்தில் அளந்தது. நகரச் சாலையில் அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நல்லது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இன்னும் குறையும். காற்றின் தடை வேகத்தோடு பன்மடங்கு பெருகுவதே காரணம். பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் சிக்கனமாயும் நகர நெரிசலில் ஊதாரியாயும் நடந்துகொள்ளும். மின்சாரக் கார் அதற்கு நேர்மாறு. நெடுந்தொலைவுப் பயணமே வாழ்க்கையாகக் கொண்ட வாசகர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அன்று திரும்பும் வழியில் விரைவுச் சாலையோர நிலையம் ஒன்றில் இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது. மற்றொன்றில் முன்னரே ஒரு கார் நின்றது. நாற்பது நிமிடம் காத்திருந்து, பின்னர் மேலும் நாற்பது நிமிடம் மின்னேற்றினோம். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் தளர்ந்துவிட்டது. மின்கலங்கள் சூடேறிச் சிதையாதிருக்கக் காரின் கட்டுப்பாட்டுக் கணினியே அவ்வாறு மட்டுப்படுத்துகிறது. எனவே வழியில் 100 சதவீதம் வரை காத்திருப்பது வீண்.

வீட்டில் இந்த அவசரமெல்லாம் இல்லை. 40 யூனிட் கொள்ளும் பேட்டரி, சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் முழுதும் நிரம்பப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் காருக்கு வேண்டியது ஆறு அல்லது ஏழு யூனிட்டே. இரண்டு மணி நேரம் போதும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் பலருக்கு வசதியே தவிரத் தேவையன்று. ஆனால் எர்த் இணைப்பு சரியாக இருப்பது கட்டாயத் தேவை. அது பழுதாயிருந்தால் பல கார்கள் மின்னேற்றத்தைத் தொடங்கவே மறுக்கும். நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மணிக்கணக்கில் விடுவதை அறவே தவிர்க்க வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதையும் மின்வாரியத்திடம் முன்னதாகவே உறுதிசெய்துகொள்வது நலம்.

சட்டம் உரிமையாளர் பக்கமே நிற்கிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே காருக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள் சொல்கின்றன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வாகன மின்னேற்றத்துக்கென்றே தனி இணைப்புக் கோரவும் இடமுண்டு. இருப்பினும் பொது நிலத்தில் கம்பி செல்லும் வழியைக் குடியிருப்புச் சங்கத்தோடு பேசியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இசைவுக் கடிதம் கைக்கு வந்த பின்னரே காருக்கு முன்பணம் கட்டுங்கள் என்பது நம் உறுதியான கருத்து.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறோம்? கணக்கைப் பாருங்கள். ஒரே தரத்திலான பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரின் விலை மூன்றரை இலட்சம் ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். அந்தக் கூடுதல் தொகைக்கு 9 சதவீத வட்டியில் ஏழாண்டுக் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,630 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 104 ரூபாய் விலையில், எரிபொருள் செலவு 6,900 ரூபாயைத் தாண்டும். அதே தொலைவுக்கு வீட்டு மீட்டரில், மின்னேற்ற இழப்பையும் சேர்த்து, 167 யூனிட் ஆகும். யூனிட் 9 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். மிச்சம் 5,400 ரூபாய். கூடுதல் தவணையை ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகிறது. எஞ்சின் ஆயில், கிளட்ச் போன்ற பராமரிப்புச் செலவுகள் இல்லாததையும் சேர்த்தால் சற்று ஆதாயமே. கடன் தீர்ந்த பின் வருவதெல்லாம் மிகுதி.

பொது விரைவு நிலையத்தில் வரியுடன் யூனிட் 22 ரூபாய் கொடுத்தால் அதே 1,000 கிலோமீட்டருக்கு 3,400 ரூபாய் ஆகிறது. மிச்சம் 3,500 ரூபாயாகச் சுருங்கி, மாதந்தோறும் தவணையில் 2,100 ரூபாய் துண்டு விழுகிறது. நம் தாணே நண்பருக்கு நேர்ந்தது இதுதான். வீட்டு மின்சாரத்தை எண்ணிக் கணக்கிட்டு வாங்கியவர், பதினொரு மாதத்தில் எதிர்பாராமல் 21,000 ரூபாய்க்குச் சற்றே குறைவாகக் கூடுதல் செலவு செய்திருந்தார். நிலையத்தில் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலையில்லை.

மாதம் 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு வீட்டிலேயே மின்னேற்றினாலும் மிச்சம் 2,160 ரூபாய்தான். ஓய்வுபெற்ற பின் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் காரை எடுப்பவர்கள், பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு மின்சாரக் கார் வாங்க வேண்டியதில்லை. ஓசையின்மை, புகையின்மை, ஓட்டும் சுகம் ஆகியவற்றுக்காக வாங்கலாம், அது வேறு. புகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நகரத்துக் காற்று உறுதியாகத் தூய்மையடையும். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு அவ்வளவு விரைவில் மறையாது.

வரிச் சலுகை குறித்துக் கிளைகளில் அடிக்கடி ஏமாற்றம் நேர்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 80இ.இ.பி. பிரிவில் கடன் வட்டிக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு என்று நம்பி வருவோர் பலர். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதலான கடன்களுக்கு மட்டுமே அச்சலுகை உரியது. புதிய கடனுக்கு இல்லை. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் தனியார் காருக்கு மானியம் கிடையாது. எஞ்சியிருப்பவை 5 சதவீத ஜி.எஸ்.டி., பதிவுக் கட்டண விலக்கு, மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 15 சதவீதத் தள்ளுபடி ஆகியவையே. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், காலக்கெடுவும் மாறும். பச்சை நிறப் பதிவெண் பலகை எங்கும் ஒன்றே.

காப்பீட்டில் கட்டணத்தைவிட வாசகத்தையே கவனிக்க வேண்டும். காரின் விலையில் கணிசமான பகுதி பேட்டரியின் விலை. வெள்ளநீரால் பேட்டரிக்கு ஏற்படும் சேதம் அடிப்படைக் காப்பீட்டில் அடங்குமா, தனிச் சேர்க்கை வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை உத்தரவாதச் சீட்டில் தேடிப் படிக்க வேண்டும். பேட்டரியை மட்டும் கிலோமீட்டர் கணக்கில் வாடகைக்குத் தரும் திட்டங்களும் வந்துவிட்டன. தொடக்க விலை குறைவாய்த் தெரியும். ஆனால் காருக்கு ஓர் ஒப்பந்தம், பேட்டரிக்கு இன்னொன்று என்று இரண்டு கடப்பாடுகள். இரண்டையும் கிளை அலுவலரிடம் காட்டிவிட்டுக் கையொப்பமிடுவது பாதுகாப்பு.

இடையே ஒரு சிறு செய்தி. இத்தனை பெரிய பேட்டரியைத் தவிர, பழைய கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்றும் இதில் உண்டு. கதவுப் பூட்டும் கணினியும் அதை நம்பியே இயங்குகின்றன. அது இறந்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கண் விழிக்காது. வாரக்கணக்கில் வெளியூர் செல்வோர் இதனால் திகைத்து நின்றதுண்டு.

தாணே நண்பர் மின்பொறியாளர் ஒருவரின் சான்றையும், காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும், 2024 விதிகளின் படியையும் இணைத்துக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் மனு அளித்தார். இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. தனி மீட்டர், தனி எர்த், உலோகக் குழாய்க்குள் கம்பி என்ற மூன்று நிபந்தனைகளோடு இசைவு கிடைத்தது. செலவு அவருடையது. அந்தக் கூட்டத்தில் கடுமையாக எதிர்த்த பக்கத்து வீட்டுக்காரர், சென்ற மாதம் அவரிடம் வந்து அந்த மனுவின் நகலைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்.