பழைய சுரங்க ரயில்களைப் பாதுகாத்தல்

நகரங்களின் நிலத்தடிப் பாதைகளில் ஓடி ஓய்வுபெற்ற மின்சார ரயில் பெட்டிகளை உடைப்புக்கு அனுப்பாமல் மீட்டெடுத்து, பழைய தோற்றத்துக்கும் இயன்றால் ஓடும் நிலைக்கும் கொண்டுவருவது சுரங்க ரயில் பாதுகாப்பு எனப்படுகிறது. லண்டனில் இப்பணியில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. நீராவி எஞ்சினைக் காப்பாற்றுவதைவிட இது கடினமானது. அதற்கான காரணம் ரயிலின் அமைப்பிலேயே உள்ளது.

பாதி ரயில், பாதி பாதை

நீராவி எஞ்சின் தனக்கு வேண்டிய நெருப்பையும் நீரையும் தானே சுமந்து செல்கிறது. பொருத்தமான அகலத்தில் தண்டவாளமும், நிலக்கரியும், கொதிகலனைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இருந்தால் அதை ஓட்டிவிடலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர்-21 எஞ்சின் 1909இல் ஓய்வுபெற்று, நூறாண்டுக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்றது. சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையின் தொழிலாளர்கள் அதைச் சீரமைத்தனர். 2010ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று அது மீண்டும் ஓடியது.

சுரங்க ரயிலுக்கு இது பொருந்தாது. அது ஓடுவதற்கு வேண்டியவற்றில் பாதி, ரயிலுக்கு வெளியே பாதையில் இருக்கிறது. லண்டன் சுரங்க ரயில், சக்கரங்கள் உருளும் இரண்டு தண்டவாளங்களுடன் மின்சாரத்துக்கென்றே மேலும் இரண்டு தண்டவாளங்களைக் கொண்டது. அவற்றுக்கிடையே 630 வோல்ட் நேர்மின்னழுத்தம் உண்டு. கொல்கத்தா மெட்ரோவில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றே. அதில் 750 வோல்ட். பெட்டியின் உயரமும் வளைவும் அந்தந்த நகரத்துச் சுரங்கத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. ஆகவே சொந்தப் பாதையை விட்டு வெளியேறிய சுரங்க ரயில் பெரும்பாலும் அசையாப் பொருளாகிவிடுகிறது.

சென்னைவாசிகளுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டும் உண்டு, அது நிலத்தடி ரயில் அல்ல என்றாலும். கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 1931இல் தொடங்கி 2004 வரை ஓடியது. பின்னர் அந்தப் பாதையே அகலப்பாதையாகிவிட்டது. அந்த ரயிலின் பெட்டியைப் புதுக்கருக்குடன் மீட்டாலும் அது பழைய வழியில் இனி ஓடாது.

லண்டனில் நடப்பது

உலகின் முதல் நிலத்தடி ரயில்பாதை லண்டனில் 1863 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்குள்ள போக்குவரத்து அருங்காட்சியகம், ஆக்டன் பகுதியில் பெரிய கிடங்கு ஒன்றை வைத்துள்ளது. கியூ வகை என அழைக்கப்படும் பழைய பெட்டிகளைத் தன்னார்வலர்கள் அங்கே சீரமைத்துவருகின்றனர். இவை 1923 முதல் 1938 வரை பல தவணைகளில் கட்டப்பட்டவை. கூரையிலும் பக்கச்சுவரிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பெட்டிகளை ஒரே ரயிலாகக் கோத்து ஓட்டினார்கள். 1971இல் சேவையிலிருந்து விலகின.

இத்தகைய பெட்டியை எடுத்தவுடன் எழும் முதல் கேள்வி, எந்த ஆண்டுத் தோற்றத்துக்கு மீட்பது என்பது. சுமார் ஐம்பதாண்டுகள் ஓடிய பெட்டியில் விளக்கு, இருக்கைத் துணி, கதவு, வண்ணம் எல்லாம் பலமுறை மாறியிருக்கும். கட்டிய நாளின் தோற்றத்தைத் தேர்ந்தால் பிற்காலத்து மாற்றங்களை அகற்ற வேண்டும், அவையும் வரலாறுதான். மூலப்பொருளை இயன்றவரை வைத்திருப்பதும், எதை மாற்றினோம் எனக் குறித்துவைப்பதும் முக்கியம் என்பதே என் கருத்து. பளபளப்பு பிறகு வரலாம்.

வேலை பெரும்பாலும் பொறுமையைச் சோதிப்பது. வண்ணப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி அடியிலுள்ள நிறத்தைக் காண வேண்டும். மரச்சட்டங்களில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட வேண்டும். கடையில் கிடைக்காத கைப்பிடியையும் விளக்குக் கூட்டையும் வார்ப்பு எடுத்துச் செய்ய வேண்டும். பழைய மின்காப்புப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கொடியது என்பதால் அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தன்னார்வலர் கை வைக்கக் கூடாத இடம் அது. அதேபோல், மீட்ட ரயிலை மக்கள் செல்லும் பாதையில் ஓட்டுவதும் உரிமம் பெற்ற ஊழியர்களின் பொறுப்பே.

உப்புக்காற்றில் ஒரு சுரங்க ரயில்

1938இல் அறிமுகமான லண்டன் ரயில் வகை ஒன்றின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. மோட்டாரை இயக்கும் கருவிகள் முழுவதையும் தரைக்கு அடியில் பொருத்தி, பயணிகளுக்கு இடம் மிச்சப்படுத்திய ரயில் இது. லண்டனில் 1988 வரை ஓடியது. அதன் சில பெட்டிகள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவுக்குச் சென்றன. அத்தீவின் ரைடு நகரச் சுரங்கம் தாழ்வானது. சாதாரண ரயில் அதில் நுழையாது, லண்டனின் குள்ள ரயில் நுழையும். கடலுக்குள் சுமார் 700 மீட்டர் நீளும் பாலத்தின் மீதும் அவை ஓடின.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை மரக்காணம் உப்பளக் கரையில், கூனிமேட்டில் சைக்கிள் வைத்திருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. இரும்பின் மேல் படியும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்னைக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. கடைசி ஆண்டுகளில் அங்கே ஓடும் நிலையில் எஞ்சியவை ஓரிரண்டு ரயில்களே. 2021 ஜனவரி 3 அன்று அவை விடைபெற்றன. அவற்றின் இடத்துக்கு வந்ததும் லண்டனின் இன்னொரு பழைய சுரங்க ரயிலை மாற்றியமைத்ததுதான்!

இந்தியாவில்

இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில் எஸ்பிளனேடு – பவானிபூர் இடையே ஓடத் தொடங்கியது. அதன் பெட்டிகள் சென்னைப் பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. குளிர்சாதனம் இல்லாத அந்த ரயில்கள் 2021 அக்டோபர் 24 அன்று, சரியாக 37 ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்றன.

நீராவி எஞ்சினுக்கு இருக்கும் ரசிகர்கள் இத்தகைய மின்பெட்டிக்கு எளிதில் அமைவதில்லை. புகை இல்லை, கூவல் இல்லை. நேற்றுவரை நெரிசலில் தொங்கிச் சென்ற வண்டி பழம்பொருளாகக் கண்ணுக்குப் படுவதும் இல்லை. ஆனால் இந்தியா தன் முதல் சுரங்க ரயிலைத் தானே கட்டியதற்குச் சான்று அதுவே. பெட்டியுடன் அதன் மின்சுற்று வரைபடம், பராமரிப்புக் கையேடு, உதிரி மோட்டார் ஆகியவற்றையும், பழுதுபார்த்த ஊழியர்களின் அனுபவக் குறிப்புகளையும் சேர்த்து வைத்தால்தான் பின்னாளில் யாராவது அதை இயக்கிப் பார்க்க முடியும். இதில் ஒரு வசதியும் உண்டு. கொல்கத்தா மெட்ரோவின் முதல் வழித்தடம் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. அதாவது, அந்தப் பெட்டிகளில் ஒன்றைப் பிறந்த ஊரான பெரம்பூருக்குக் கொண்டுவர லாரி தேவையில்லை. எஞ்சினில் இணைத்து வழக்கமான ரயில்பாதையிலேயே இழுத்துவரலாம்.