பீட்டர் முயல் பிறந்த கதை

நீலச் சட்டை போட்ட பீட்டர் முயல் பிறந்தது ஒரு கடிதத்தில். நோயில் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு, 1893-இல் ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் படம் வரைந்து எழுதிய கடிதம் அது. பின்னாளில் அதைப் புத்தகமாக்கப் பதிப்பகங்கள் மறுத்தன. சின்னக் கைகளுக்குச் சின்னப் புத்தகம், விலையும் மலிவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். அதனால் 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறுத்தவர்களில் ஒருவரே மறு ஆண்டு வண்ணப் படங்களோடு வெளியிட்டார், கேளுங்கள்! புத்தகத்தில் வந்த பணம் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணை நிலமாக மாறியது. செம்மறி ஆடு வளர்ப்பிலும் பாட்டர் கெட்டிக்காரர். 1943-இல் மறைந்தபோது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு அவர் எழுதிவைத்த நிலம் 4,000 ஏக்கருக்கும் மேல். ஹெர்ட்விக் இன ஆடுகளை அங்கே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தார்.