மரமுந்திரிகையைக் கருக்கும் தேயிலை நுளம்பு

மாரி மழை ஓய்ந்தபின் மரமுந்திரிகை துளிர்த்துப் பூக்குங் காலத்தில், இளந்தண்டுகளும் பூங்கொத்துக்களும் நெருப்புப் பட்டனபோலக் கருகி நிற்றலைக் காணலாம். இதனைப் பனியினால் விளைந்த கேடென்றோ பங்கசு நோயென்றோ கமக்காரர் பலர் கருதுவர். கருகிய தண்டைப் பங்கசு பின்னர்ப் பற்றுவதும் உண்டு. ஆயின், முதலில் கேடு விளைத்தது பெரும்பாலும் ஒரு சிறு பூச்சியே. அதனை அறியாது பங்கசுக்கு மருந்து தெளிப்பின், பணமும் விளைவும் ஒருங்கே இழக்க நேரிடும்.

பெயரும் இனமும்

தேயிலை நுளம்பு என்னும் பெயர் மயக்கந் தருவதாகும். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் நுளம்பை ஒத்திருத்தலின் இப்பெயர் வழங்கலாயிற்று. நுளம்புக்கு இரு சிறகுகளே உள; அதன் குடம்பி நீரில் வளரும். இப்பூச்சிக்கோ நான்கு சிறகுகள் உண்டு. இதன் வாழ்வு முழுவதும் செடியிலேயே கழியும். முன்சிறகின் அடிப்பாகம் தடித்தும் நுனி மென்சவ்வாயும் இருத்தலின், இது எமித்தெரா வருணத்தைச் சேர்ந்தது. நெல்மணியின் பாலை உறிஞ்சும் மூட்டுப்பூச்சியும் அவ்வருணத்ததே. தேயிலை நுளம்பின் குடும்பம் மிரிடே, சாதி எலோபெல்திசு.

பிரான்சிய அறிஞர் சிஞோரே 1858இல் இச்சாதியை நிறுவினார். ஆணி, கேடயம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆயது அப்பெயர். அவர் விவரித்த எலோபெல்திசு அந்தோனியை என்னும் இனமே மரமுந்திரிகைக்குப் பெரும் பகையாவது. தேயிலையை உண்ணும் மற்றோர் இனத்தை 1886இல் உவாட்டர்கவுசு விவரித்து, தெயிவோரா எனப் பெயரிட்டார். ஓரினத்துள்ளேயே நிறம் வேறுபடுமாதலின், நிறத்தை மட்டுங் கொண்டு இனத்தைத் துணிதல் ஆகாது. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தே அறிஞர் அதனை உறுதி செய்வர்.

தோட்டத்தில் அறியும் வகை

சாதியை அறிதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. பூச்சியின் முதுகில், குண்டூசியொன்றைக் குத்தி நிறுத்தினாற்போலக் குமிழ்த்தலையுடைய முள்ளொன்று நிமிர்ந்து நிற்கும். சிஞோரே ஆணியெனக் குறித்தது இதுவே. நிறைவளர்ச்சியுற்ற அந்தோனியை ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீற்றர் நீளமுடையது. தலை கறுப்பு, மார்பு பெரும்பாலும் செம்மை, வயிறு கறுப்பும் வெண்மையும் கலந்தது. உணர்கொம்புகள் உடலினும் நீண்டவை.

பெண்பூச்சி இளந்தண்டு, இலைக்காம்பு, பூங்கொத்தின் காம்பு ஆகியவற்றின் உள்ளே முட்டைகளைச் செருகிவிடும். சமனற்ற நீளமுடைய இரு மயிர்போன்ற இழைகள் மாத்திரமே வெளியே தோன்றும். ஏறக்குறைய ஒரு கிழமையில் முட்டை பொரிக்கும். அணங்கு எனப்படும் சிறகற்ற இளம்பருவம் ஐந்து நிலைகளைக் கடந்து நிறைபூச்சியாகும்.

கேடும் காப்பும்

அணங்கும் நிறைபூச்சியும் அலகைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். அவற்றின் உமிழ்நீர் இழையத்தைக் கொல்லுதலால், குத்திய இடம் முதலில் நீர் ஊறினாற்போலத் தோன்றிப் பின் கருகும். புள்ளிகள் ஒன்றுகூடியவிடத்துத் தண்டு காயும், பூ உலரும், இளங்கொட்டை சுருங்கி உதிரும்.

ஆகவே துளிர் தோன்றும் நாள் தொடங்கிக் காலையிலும் மாலையிலும் மரங்களைப் பார்த்துவருதல் வேண்டும். வேம்பு, கொய்யா, கொக்கோ ஆகியவற்றிலும் இப்பூச்சி வாழுமாதலின், அயலில் நிற்கும் அம்மரங்களையும் நோக்குக. மரத்தில் கூடுகட்டும் முசுறு எறும்பு இப்பூச்சியைப் பிடித்துண்ணும். அறுவடைக்கு இடையூறென்று அக்கூடுகளை எரித்தல் காவலனைக் கொல்வதற்கு ஒப்பாகும். மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாயின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படியே தெளிக்குக. பூக்கள் விரிந்து தேனீக்கள் நடமாடும் வேளையில் தெளித்தல் ஆகாது.

கருகிய கிளையைக் கண்டவுடன் மருந்துக் கடையை நாடாது, முதுகில் ஆணியுடைய பூச்சி உண்டோவென முதலில் தேடுக.