வீட்டினுள் ரெக்ஸ் பெகோனியா

அஸ்ஸாம் பகுதி மலைக்காடுகளின் ஈர நிழலில் தோன்றிய செடி இது. 1857-ஆம் ஆண்டில் தாவர நூலார், அரசன் எனப் பொருள்படும் ‘ரெக்ஸ்’ என்னும் பெயரை இதற்குச் சூட்டினர். மலரைவிட, வெள்ளிநிறம் படர்ந்த இலையே இதன் அழகு.

வீட்டில் வளர்க்கும் நாம், இதன் பிறப்பிடத்தை மறத்தலாகாது. நேர்வெயில் இலையைக் கருக்கும்; வெளிச்சமுள்ள நிழலே ஏற்றது. தில்லியின் கோடைக்காற்றோ இதற்குப் பெரும் பகை.

ஆயினும், வறட்சியைவிட நமது மிகையான பரிவே பல செடிகளை மாய்க்கிறது. மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் வார்த்தல் வேண்டும். தொட்டியில் நீர் தேங்கினால், மண்ணையொட்டிப் படரும் தடித்த தண்டு அழுகிவிடும். ஆகவே, இலைமக்கும் மணலும் கலந்த, நீர் வடியும் மண்ணே நன்று.

அழுகல் கண்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. நலமான இலையொன்றின் அடிப்புற நரம்புகளைக் கீறி ஈரமணல்மீது படியவைப்போமாயின், சில வாரங்களில் கீறிய இடங்களில் இளஞ்செடிகள் முளைக்கக் காணலாம்.