சிறகு விரிக்கும் கதவு!

தீபாவளிக்கு மறுநாள் உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் தாழ்வான காடி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடி வருகிறார்கள். எல்லாக் காடிகளையும் போலக் கதவு பக்கவாட்டில் திறக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! வண்டு சிறகைத் தூக்குவது போலக் கதவு வானத்தை நோக்கி எழும்புகிறது. "ஐயோ, கதவு பிடுங்கிக்கிட்டு வருது!" என்று கத்துகிறாள் ஒரு பாட்டி.

வண்டு என்று நான் சொன்னது வெறும் உவமை அல்ல, வாசகர்களே. 1968ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பெர்த்தோனே என்ற இத்தாலிய நிறுவனம் பச்சை நிறக் காடி ஒன்றை வைத்தது. அதன் பெயர் 'கராபோ'. கராபிடே என்னும் வண்டு இனத்தை ஒட்டி வைத்த பெயர். வரைந்தவர் மார்செல்லோ காந்தினி. அவரே பிறகு லம்போர்கினி நிறுவனத்துக்காகக் 'கவுன்டாச்' காடியை வரைந்தார். 1971இல் ஜெனீவாவில் மாதிரி வண்டி நின்றது. 1974 முதல் விற்பனைக்கு வந்தது. அந்த வண்டி அகலம் அதிகம், பின்பக்கம் பார்க்க வழியே இல்லை. பின்னால் எடுக்கும்போது கதவை மேலே தூக்கிவிட்டு, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, அழகுக்காக மட்டும் வைத்த கதவல்ல அது. காந்தினி 2024இல் காலமானார்.

லம்போர்கினி வாங்க நம்மால் முடியுமா? அந்த ஆசையைத் தீர்க்கத்தான் சாமான் தொகுதிகள் விற்கிறார்கள். சாதாரணக் காடியின் கதவுக் கீலைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் கதவு மேலே எழும்பும். என் அக்காள் மகன் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தன் பழைய டொயோட்டா செலிக்காவுக்கு ஒரு ஜோடி வரவழைத்துவிட்டான். "மாமா, ரெண்டே நாள் வேலை. நாமளே வீட்ல செஞ்சிடலாம்" என்றான். தெலுக் இந்தான் பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் நான் கண்ணால் கண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினான். பிறகு முன்சக்கரம், உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு, பம்பர், மட்கார்ட் எல்லாம் இறங்கின. காடியைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது! அக்காள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்து பையன் ஸ்பேனரைக் கீலில் வைத்தான். "நிறுத்துடா!" என்றார் அத்தான். அவர் செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சாக்கட்டி. பழைய கீல் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தூணில் கோடு போட்டார். கதவின் அடியில் ஜாக்கியை நிறுத்தி, மேலே சாக்கை மடித்து வைத்து, என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் போல்ட்டுகள் கழன்றன. இரு கதவுக் காடியின் கதவு நீளமானது, கனமானது. நாலு கதவுக் காடியின் கதவு என்று நினைத்துப் பிடித்தால் இடுப்பு போய்விடும். என் இடுப்பு சாட்சி.

புதுக் கீல் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? நேராக மேலே எழும்பாது. முதலில் வழக்கம் போலச் சிறிது வெளியே வரும், பிறகே மேலே சுழலும். அப்படி வராவிட்டால் கதவின் முன்விளிம்பு மட்கார்டில் இடிக்கும். கவுன்டாச் வண்டியின் கதவோ நேராக எழும்பும். அதற்காகவே செய்த உடல் அது. இந்த வித்தியாசத்தால்தான் தொல்லைகள் எல்லாம். கண்ணாடி, பூட்டு, ஒலிபெருக்கி ஆகியவற்றின் வயர்கள் கதவோடு உயரப் போக வேண்டும் அல்லவா? கதவை முழுக்கத் தூக்கி நிறுத்தி, அந்த நிலையில் அளந்து நீட்டிக்க வேண்டும். பையன் கதவை மூடிவைத்து அளந்தான். மறுபடி முழுவதும் பிரித்து ஒட்டியதில் அரை நாள் போயிற்று. மட்கார்டின் உள்விளிம்பையும் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது. சீவிய இரும்புக்கு உடனே துருத் தடுப்புப் பூச்சு அடிக்காவிட்டால், நம் ஊர் மழைக்கு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாம் நாள் மாலை. தூக்கிய கதவைத் தாங்குவது ஒரு வாயுத் தண்டு. சில காடிகளின் பின்கதவைத் தாங்கி நிற்குமே, அதே இனம். அதன் நுனிக் குமிழில் ஒரு சின்னக் கம்பிக் கொக்கி உண்டு. பையன் வலப்பக்கத்தில் அதை அழுத்த மறந்துவிட்டான். கதவு எழும்பியது, எல்லாரும் கைதட்டினோம், கடைக்குட்டி ஓடிவந்து கதவுக்கு அடியில் நின்று 'போட்டோ எடு' என்றாள். 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு குமிழை விட்டு நழுவியது. கதவு இறங்கியது.

அத்தான் தோளைக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. அத்தானின் தோள் மூன்று வாரம் நீலம் பூத்திருந்தது. அன்று அவர் மகனைத் திட்டவில்லை. "ஆலையில பழக்கூண்டத் தூக்குறப்ப அடியில ஆள நிக்க விடுவோமாடா?" என்று மட்டும் கேட்டார். பையன் அழுதுவிட்டான்.

உங்கள் வீட்டிலும் இந்த ஆசையோடு ஒரு பிள்ளை இருக்கலாம். 'சேச்சே, கூடாது' என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு நாளில் பையன் கற்றுக்கொண்ட தொழில் கொஞ்சமல்ல. ஆனால் சாமான் வாங்குமுன்பே கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. அது அந்தக் காடிக்கென்றே செய்த தொகுதியா? எதற்கும் பொருந்தும் என்று விற்பதை வாங்கினால், தூணில் பற்றவைக்க நேரலாம். அது வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலையே அல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் காடியின் அமைப்பை மாற்றுவது குற்றம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தைக் கேட்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்தால், விபத்து நாளில் கையை விரித்துவிடுவார்கள். இன்னொன்று: காடி தலைகீழாகக் கவிழ்ந்தால் மேலே எழும்பும் கதவு எப்படித் திறக்கும்? இதை நான் கேட்டபோது பையனிடம் பதில் இல்லை.

பூட்டிய பிறகும் வேலை ஓயாது. வாயுத் தண்டு நாளாவட்டத்தில் பலம் இழக்கும். கதவு தானாக ஒரு விரற்கடை இறங்கினாலும் இரண்டு பக்கத் தண்டையும் மாற்றிவிட வேண்டும்.

செலிக்கா இன்றும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை அத்தானே கொக்கிகளைத் தடவிப் பார்க்கிறார். அக்காள் மட்டும் கோயிலுக்குப் போகும்போது, கதவு எழும்பியதும் இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்று, "நீ புடிச்சுக்கடா, நான் ஏறிக்கிறேன்" என்கிறாள். அவனும் பிடித்துக்கொள்கிறான்.