எப்போதும் வெல்லாத ஹீரோக்கள்: ‘25 மணி’ அனிமேக்கள் இன்னும் ஏன் கொண்டாடப்படுகின்றன?

மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் போகிறவர்களை ஒரு நொடி திரும்பிப் பார்க்க வைக்கும் ஊர்ப் பெயர், எப்போதும்வென்றான். பெயரே பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கும். ஆனால், அந்தக் கரிசல் வட்டாரம் இன்றும் கொண்டாடுகிறவர்களின் கதை வேற. பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மன் 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, அவர் சிறைக்குப் போன பிறகு நொடித்துப்போனது. இருவரும் தோற்றார்கள், ஆனால் பின்வாங்கவில்லை. அதனால்தான் ஊர் அவர்களை மறக்கவில்லை.

ஜப்பானின் நள்ளிரவு அனிமே தொடர்களுக்கு இத்தனை ஆண்டுகள் கழித்தும் ரசிகர்கள் இருப்பதற்குக் காரணமும் ஏறக்குறைய இதுதான்.

அது என்ன ‘25 மணி’?

ஜப்பான் டிவி அட்டவணையில் இரவு 12 மணியோடு நாள் முடியாது. 1 மணியை 25 என்றும், 2 மணியை 26 என்றும் எழுதுவார்கள். அந்த நேரத்தில் ஒளிபரப்பாகும் தொடர்கள்தான் ‘நள்ளிரவு அனிமே’. நம்மைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், டோக்கியோவில் 25 மணி என்றால் கோவில்பட்டியில் இரவு 9.30. அங்கே ஊர் அடங்கிய நேரம். இங்கே சாப்பிட்டுவிட்டு போனைக் கையில் எடுக்கும் நேரம்.

1963-லேயே பெரியவர்களுக்கான ஒரு அனிமே இரவு நேரத்தில் வந்திருக்கிறது. ஆனால், இது ஒரு தனி உலகமாக வளர்ந்தது 1990-களின் கடைசியில்தான். அதற்குப் பாதை போட்டது ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’. 1995 அக்டோபரில் மாலை 6.30 மணிக்குத் தொடங்கிய அந்தத் தொடர், 1997-ல் நள்ளிரவில் மறுஒளிபரப்பானபோதும் கூட்டம் சேர்த்தது. தூங்காமல் அனிமே பார்க்க ஆள் இருக்கிறது என்பது சேனல்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

தூங்குற நேரத்தில் எதற்கு கார்ட்டூன்?

மாலை நேர அனிமேக்குப் பணம் பெரும்பாலும் பொம்மை கம்பெனிகளிடமிருந்து வரும். ஹீரோ ஜெயித்தால்தான் பொம்மை விற்கும். நள்ளிரவில் அந்தக் கட்டாயம் இல்லை. பதிப்பகம், மியூசிக் கம்பெனி, வீடியோ கம்பெனி எல்லாம் கூட்டாகப் பணம் போட்டு, விலை குறைந்த அந்த நேரத்தை வாங்கும். அந்தக் காலத்தில் போட்ட காசைப் பெரும்பாலும் டிவிடி விற்றுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கோடிக்கணக்கான பார்வையாளர்கள் தேவைப்படவில்லை. காசு கொடுத்து வாங்கும் சில ஆயிரம் தீவிர ரசிகர்கள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

எல்லோருக்கும் பிடிக்க வேண்டியதில்லை என்றானதும் கதைகள் மாறின. இணையத்தில் தொலைந்துபோகும் ஒரு பள்ளி மாணவியைப் பற்றிய ‘சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்’ 1998-லேயே வந்துவிட்டது. கொலைகாரனையே நாயகனாக்கிய ‘டெத் நோட்’ 2006-ல் வந்தது.

பாதியில் நின்ற பீபாப்

‘கவ்பாய் பீபாப்’ 1998 ஏப்ரலில் மாலை நேரத் தொடராகத்தான் தொடங்கியது. மொத்தம் 26 எபிசோடுகள். அதில் பாதியைக்கூடக் காட்டாமல் ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ‘வவ்வவ்’ என்ற கட்டணச் சேனல் நள்ளிரவுக்குப் பிறகு முழுத் தொடரையும் ஒளிபரப்பியது. 2001 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் ‘அடல்ட் ஸ்விம்’ தொடங்கிய இரவிலேயே பீபாப் அங்கே போய்ச் சேர்ந்தது.

முதல் ரவுண்டோடு கதையை முடித்திருந்தால் இன்று பீபாப் என்ற பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது. 2021 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் நிஜ நடிகர்களை வைத்து அதே கதையை எடுத்தது. ஒரு மாதம் முடிவதற்குள் கைவிட்டது. பழைய பீபாப்புக்கு மட்டும் இன்றும் புது ரசிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

14-ல் ஷின்ஜி, 29-ல் மிசாடோ

டிராகன் பாலில் கோகு அடி வாங்கினாலும் கடைசியில் எழுந்துவிடுவான் என்று நமக்குத் தெரியும். எவாஞ்சலியனின் ஷின்ஜிக்கு வயது 14. ராட்சத ரோபோவில் ஏறு என்று அப்பா சொன்னால் பயத்தில் மாட்டேன் என்கிறான். பள்ளியில் படிக்கும்போது பார்த்தவர்களுக்கு அவன் பயம் புரியும். ‘ஏறித் தொலையேன்டா’ என்று எரிச்சலும் வரும்.

வேலைக்குப் போன பிறகு அதே தொடரைப் பார்த்தால் கண் வேறு இடத்துக்குப் போகும். அவனைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி மிசாடோவுக்கு வயது 29. ஆபீஸில் கெத்து, வீட்டில் பீர் கேன்களும் குப்பையும். ஒரு சின்னப் பையனைச் சண்டைக்கு அனுப்புகிற குற்ற உணர்ச்சி வேறு. பீபாப்பின் ஸ்பைக்குக்கு 27. கடனும் காலி ஃப்ரிட்ஜுமாக வாழ்க்கையை ஓட்டுகிறவன். மாதக் கடைசியில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

நாம் வளர வளர வேறு கதாபாத்திரம் நம்மிடம் பேசுகிறது. இந்தத் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது இதுதான். 2021 மார்ச்சில் வெளியான எவாஞ்சலியன் கடைசிப் படம் ஜப்பானில் 1,000 கோடி யென்னைத் தாண்டியது. தொடங்கி 25 ஆண்டு கழித்தும் ரசிகர்கள் கூடவே வளர்ந்து வந்திருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

இந்தியாவுக்கு 2004-ல் வந்த அனிமேக்ஸ் சேனல் 2017-ல் விடைபெற்றது. அதற்குள் ரசிகர்கள் தயாராகிவிட்டார்கள். ‘வெதரிங் வித் யூ’ படத்தை இந்தியாவிலும் வெளியிடுங்கள் என்று 50,000 பேருக்கு மேல் ஆன்லைனில் கையெழுத்திட்டதும், 2019 அக்டோபரில் அது தியேட்டருக்கு வந்தது.

2019-ல் ஜப்பானில் பின்னிரவுத் தொடராகத் தொடங்கியதுதான் ‘டீமன் ஸ்லேயர்’. அதன் ‘இன்ஃபினிட்டி கேஸில்’ படம் 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ் டப்பிங்கோடு இங்கே தியேட்டர்களில் வெளியானது. ஆறே ஆண்டில் பின்னிரவு ஸ்லாட்டிலிருந்து நம்ம ஊர் தியேட்டர் வரை வந்துவிட்டது. ஆனால், முதல் வாரமே ஹிட் ஆக வேண்டும் என்கிற இந்தக் காலத்தில், பீபாப் மாதிரி தோற்று எழுந்துவர இன்னொரு தொடருக்கு அவகாசம் கிடைக்குமா என்பதுதான் பழைய ரசிகர்களின் கவலை.

எங்கே ஆரம்பிக்கலாம்?

* நேரம் குறைவா? லெய்ன் - 13 எபிசோடு. முதல் மூன்று புரியவில்லை என்றால் கவலை வேண்டாம், யாருக்கும் புரியாது.
* த்ரில்லர் வேணுமா? டெத் நோட் - 37 எபிசோடு. முதல் எபிசோடே இழுத்துக்கொள்ளும்.
* வேலை முடிந்து தினம் ஒன்று? பீபாப் - 26 எபிசோடு. பெரும்பாலும் தனித்தனிக் கதைகள்.
* எவாஞ்சலியன்? இதுவும் 26 எபிசோடுதான். மனச்சோர்வை நேருக்கு நேர் பேசும் தொடர் என்பதால், மனசு சரியில்லாத வாரத்தில் தொட வேண்டாம்.

இவற்றில் கடைசியில் ஜெயித்தது யார் என்று ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்குப் பதிலாக, ‘நீ முதல்ல பாரு, அப்புறம் பேசலாம்’ என்பார்கள்.