உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பிணிகளைக் காத்த ஈஸ்ட் சாறு

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகி உயிரிழந்த காலம் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. லூசி அவர்களின் சாப்பாட்டைப் பார்த்தார். கீரையும் பழமும் அதில் அரிது. குன்னூரிலும், சென்னை திருவல்லிக்கேணியில் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் மருத்துவமனையிலும் ஆய்வு தொடர்ந்தது. கடைகளில் மலிவாகக் கிடைத்த 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் நோயாளிகள் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார்கள். 1931-ல் இதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த மருந்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரியவந்தது.

நம் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. இன்றும் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பது வேதனை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்கும் கீழே என்றால் ஆபத்து. பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கைக்கூடத் தாயின் உடல் தாங்காது. குழந்தை குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கலாம்.

மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். டீ, காபியோடு மட்டும் போடாதீர்கள். குமட்டுகிறது என்று நிறுத்திவிடாமல், செவிலியரிடம் சொல்லுங்கள்.